பிழை தேடிய பேரறிஞர் மகலனோபிஸ்

சாட்டி வெண்மணற் கரையை அறியாத தீவகத்தவர் இலர். அக்கரைக்கு அணித்தாயுள்ள கிணறுகளின் நன்னீர் தீவகத்தின் பிற ஊர்களுக்கும் சென்று உதவியமையையும் பலர் அறிவர். சுற்றிலும் உவர்க்கடல் சூழ்ந்திருக்க, அக்கிணறுகள் மாத்திரம் நன்னீர் தருதல் எங்ஙனம்? மாரியிற் பெய்த மழைநீர் மணலினுட் புகுந்து, தன்னினுங் கனங்கூடிய உவர்நீரின்மேல் மிதந்து நிற்றலே அதற்குக் காரணமாம். கடல்மட்டத்திற்கு மேலே ஓரடி நன்னீர் நிற்குமாயின், அதன் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்திற்கு நன்னீர் நிற்கும் என்பது நிலத்தடி நீரியலார் கொண்ட பொதுவிதி. மேலேயுள்ள ஓரடி குறையுமாயின், கீழேயிருந்து உவர்நீர் ஏறும். ஆதலின், எங்கள் ஊரிலே கிணற்றின் நீர்மட்டத்தை அளந்தறிதல் வீண்வேலையன்று. அது குடிநீரைக் காக்கும் வேலையாகும்.

சாட்டியில் வாழும் என் பெயர்த்தி ஒருத்தி, பாடசாலையிலே கணினிக் கல்வியைத் தொடங்கியவள், அயலிலுள்ள ஐந்து கிணறுகளின் நீராழத்தை முடிச்சிட்ட கயிற்றினால் அளந்து கொப்பியிற் குறித்துக்கொண்டாள். அவள் குறித்த அளவுகள் அடிக்கணக்கிலே 7, 9, 4, 7, 8 என்பன. அவற்றின் இடை, இடையம், நியம விலகல் ஆகிய மூன்றையும் காண்பதற்கு ஒரு செய்நிரலைத் தானே எழுதினாள். அதுவே அவள் எழுதிய முதற் செய்நிரல். கணினியும் தடையின்றி விடை கூறிற்று. இடை 5.4 என்றும், இடையம் 4 என்றும் அவ்விடைகள் இருந்தன. அவற்றைப் பெருமகிழ்ச்சியோடு என்னிடம் கொணர்ந்து காட்டினாள்.

பல்லாண்டு கணிதம் கற்பித்த எனக்கு அவ்விடைகள் பொருந்தவில்லை. ஐந்து அளவுகளில் நான்கு, 7 அடியாகவோ அதனின் மிக்கோ இருக்க, மிகச் சிறிய அளவாகிய 4 நடுவில் நிற்றல் எவ்வாறு? இதனைக் கூறியபோது, கணினி பிழைவிடாது என்று அவள் வாதித்தாள். நான் பென்சிலை எடுத்து 5.4ஐ ஐந்தாற் பெருக்கினேன்; 27 வந்தது. ஐந்து அளவுகளையும் கூட்டினேன், 35 வந்தது. குறைந்தது 8. எட்டு என்பது ஐந்தாம் கிணற்றின் அளவு. கணினி இடங்களைச் சுழியத்திலிருந்து எண்ணும் இயல்பினது. அதனை நன்கு உணராத பெயர்த்தி, ஓரிடம் முன்னதாகவே கூட்டலை நிறுத்துமாறு அதற்குக் கட்டளையிட்டிருந்தாள். கணினி கட்டளையைச் சிறிதும் வழுவாது நிறைவேற்றிற்று. ஐந்தாம் கிணறு கணக்கிலிருந்து மறைந்தது. இடையமோ, அளவுகளை ஏறுவரிசைப்படுத்தாது, குறித்த ஒழுங்கிலே நடுவில் நின்றதை எடுத்தமையாற் பிழைத்தது. இரண்டும் திருந்தியபின் இடை 7 என்றும், இடையமும் 7 என்றும் வந்தன.

பிழையைக் கண்டதும் பிள்ளை நாணித் தலைகுனிந்தாள். அன்று மாலை அவளுக்கு நான் ஒரு பெரியாரின் வரலாற்றைக் கூறினேன். புள்ளிவிபரவியலை நமது துணைக்கண்டத்திலே நிலைநாட்டியவரும், பிழை தேடுதலையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்டவருமாகிய பேராசிரியர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ் அவர்களின் வரலாறே அது. நம் கல்லூரி அன்னையின் விழா மலரிலே அதனை எழுதுதல் இளம் மாணவர்க்குப் பயன்படும் என்னும் எண்ணத்தினால் இங்கே தருகின்றேன்.

இளமையும் கல்வியும்

மகலனோபிஸ் 1893ஆம் ஆண்டு யூன் 29ஆந் திகதி கல்கத்தா நகரிலே பிறந்தார். அவருடைய பாட்டனார் குருசரணர் கிழக்கு வங்காளத்து விக்கிரமபுரத்திலிருந்து 1854இற் கல்கத்தாவுக்கு வந்து, மருந்துக்கடை வைத்து வாழ்ந்தவர்; பிரம சமாசத்தின் சீர்திருத்த நெறியில் ஈடுபட்டவர். தந்தையார் பிரபோத சந்திரர். அறிவும் சீர்திருத்தமும் ஒருங்கே பேசப்பட்ட இல்லத்திலே வளர்ந்த மகலனோபிஸ், பிரம சமாசத்தார் நடாத்திய பாடசாலையிற் கற்று, பின்னர்ப் பிரசிடென்சிக் கல்லூரியிற் சேர்ந்தார். அங்கே ஜகதீச சந்திர போஸ், பிரபுல்ல சந்திர ராய் ஆகிய பேரறிஞர்களிடம் பாடங் கேட்கும் பேறு அவருக்கு வாய்த்தது. 1912இற் பௌதிகவியலிலே சிறப்புப் பட்டம் பெற்றார்.

அடுத்த ஆண்டில் இலண்டனிற் கற்கும் நோக்கத்தோடு இங்கிலாந்து சென்றார். ஒருநாட் கேம்பிறிட்ஜ் நகரைக் காணச் சென்றவர், அங்குள்ள கிங்ஸ் கல்லூரியின் தேவாலயத்தைக் கண்டு வியந்து நின்றமையால் இலண்டனுக்குத் திரும்பும் கடைசிப் புகையிரதத்தைத் தவறவிட்டார். அன்றிரவு நண்பரொருவருடன் தங்க நேர்ந்தது. நண்பரின் தூண்டுதலினால் மறுநாள் அக்கல்லூரியிலே சேர விண்ணப்பித்தார், இடமும் கிடைத்தது. தவறவிட்ட ஒரு புகையிரதம் ஒருவரின் வாழ்வை மாற்றிய விந்தை இதுவாம்.

இராமானுஜனின் நட்பு

கேம்பிறிட்ஜிலே அவருக்குக் கிடைத்த நண்பருள் ஒருவர், தமிழ்நாடு ஈன்ற கணிதமேதை சீனிவாச இராமானுஜன். அவ்விருவரையும் பற்றிய இரு செய்திகள் நம் மாணவர் அறியத்தக்கன.

குளிர் மிகத் தொடங்கிய ஒருநாள், இராமானுஜன் இரவில் நன்றாக உறங்க முடியவில்லையென்றும், மேலங்கியணிந்து சால்வை போர்த்தும் குளிர் தீரவில்லையென்றும் கூறினார். போர்வை போதாதோ என ஐயுற்ற மகலனோபிஸ், வெறும் ஊகத்தோடு நில்லாது, படுக்கையறைக்குச் சென்று பார்த்தார். கம்பளிகள் பல இருந்தன. ஆனால் அவை மெத்தையின் அடியிற் செருகப்பட்டு, மேலே விரிப்பும் இடப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே படுத்தல் வேண்டும் என்பதை அறியாத இராமானுஜன், அவற்றின்மேலே படுத்திருந்தார். மகலனோபிஸ் அதனை எடுத்துக் காட்டினார். குறை கம்பளியில் இல்லை. அதனைப் பயன்படுத்திய முறையில் இருந்தது. நேரிற் சென்று பார்த்தபடியால் அது விளங்கிற்று.

மற்றையது 1914ஆம் ஆண்டு இறுதியில் நிகழ்ந்தது. ஸ்ராண்ட் என்னும் சஞ்சிகையில் வந்த புதிரொன்றை, சமைத்துக்கொண்டிருந்த இராமானுஜனுக்கு மகலனோபிஸ் வாசித்துக் காட்டினார். 50 வீடுகளுக்கு மேலாகவும் 500 வீடுகளுக்கு உட்பட்டும் உள்ள ஒரு வீதி. ஒரு வீட்டின் ஒரு பக்கத்து இலக்கங்களின் கூட்டுத்தொகையும் மறுபக்கத்து இலக்கங்களின் கூட்டுத்தொகையும் சமம். அவ்வீட்டின் இலக்கம் யாது? மகலனோபிஸ் பல எண்களை வைத்துப் பார்த்துச் சில நிமிடங்களில் விடை கண்டிருந்தார். இராமானுஜனோ சமையற் கரண்டியைக் கையினின்றும் வையாமலே, அவ்வொரு விடையை மாத்திரமன்றி, அவ்வினத்து விடைகள் யாவற்றையும் தரும் தொடர்பின்னம் ஒன்றைச் சொல்லிவிட்டார். 288 வீடுகளில் 204ஆம் இலக்கமே விடை. இருபக்கத்துக் கூட்டுத்தொகையும் 20,706 ஆதலை வாசகர் தாமே கூட்டி அறியலாம். மேதையின் வழி ஒன்று. எண்களை ஒவ்வொன்றாக வைத்துச் சோதிப்போனின் வழி மற்றொன்று. பின்னையது யாவர்க்கும் உரிய வழி. மகலனோபிஸ் தம் வாழ்நாள் முழுவதும் சென்றது அவ்வழியே.

கப்பலிற் கற்ற பாடம்

1915இலே பௌதிகவியலிற் தேர்ச்சி பெற்றுத் தாயகந் திரும்ப ஆயத்தமானபோது, கல்லூரி ஆசிரியர் ஒருவர் பயோமெற்றிக்கா என்னும் ஆராய்ச்சிச் சஞ்சிகையை அவருக்குக் காட்டினார். உயிரினங்களின் அளவுகளைக் கணித முறையால் ஆராயும் சஞ்சிகை அது. மகலனோபிஸ் அதன் தொகுதிகள் யாவற்றையும் விலைக்கு வாங்கி, கப்பற் பயணத்திலேயே படிக்கத் தொடங்கினார். கல்கத்தாவை அடைந்தபோது அவருடைய உள்ளம் புள்ளிவிபரவியலிற் படிந்துவிட்டது.

பிரசிடென்சிக் கல்லூரியிற் பௌதிகவியல் ஆசிரியராக அமர்ந்த அவர், முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அக்கல்லூரியிற் பணிபுரிந்தார். 1945 முதல் 1948 வரை அதன் அதிபராகவும் விளங்கினார். பாடம் சொல்லுதல் பௌதிகமாயினும், ஆய்ந்ததோ எண்களின் ஒழுங்கு. முதலில் அறிஞர் பிரஜேந்திரநாத் சீலின் வேண்டுகோட்படி பல்கலைக்கழகப் பரீட்சைப் பெறுபேறுகளை ஆராய்ந்தார். 1920இல் நாகபுரியில் நடந்த விஞ்ஞான மாநாட்டிற் சந்தித்த விலங்கியலறிஞர் அனண்டேல், கல்கத்தாவில் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியரின் உடலளவுகளை அவரிடம் ஒப்படைத்தார். அவ்வாராய்ச்சி 1922இல் வெளிவந்தது.

1923இல் நிர்மலகுமாரி அம்மையாரை மணந்தார். கவியரசர் இரவீந்திரநாத தாகூர் அவ்விருவரிடத்தும் பேரன்பு பூண்டவர். தாகூர் நிறுவிய விசுவபாரதியின் செயலாளராக மகலனோபிஸ் பத்தாண்டுகள் பணியாற்றினார்.

வெள்ளமும் அணையும்

எண்ணிற் பிழை புகுமாயின் ஊருக்கு என்ன நேரும் என்பதை வெள்ளப்பெருக்கு அவருக்குக் காட்டிற்று. 1922இலே வட வங்காளத்திற் பெருவெள்ளம் வந்தது. வெள்ளநீரைத் தேக்கிவைக்கப் பெருஞ் செலவிலே தேக்கங்கள் அமைத்தல் வேண்டும் என எந்திரிகள் கருதினர். மகலனோபிஸ் ஏறத்தாழ ஐம்பது ஆண்டு மழைக்கணக்கை எடுத்து ஆராய்ந்து, தேக்கங்களாற் பயனில்லை, நீர் விரைந்து வடிந்தோட வழிசெய்தலே வேண்டுவது என்று காட்டினார்.

1926இல் ஒறிசாவிலே பிராமணி ஆறு பெருக்கெடுத்துக் கரையணைகளை உடைத்தது. ஆற்றின் படுக்கை உயர்ந்துவிட்டது. ஆதலாற் கரையணைகளைப் பல அடி உயர்த்தல் வேண்டும் என்பது அறிஞர் குழுவின் கருத்து. ஒரு பெருவெள்ளத்தைக் கண்ட கண்ணுக்கு அது மெய்யெனவே தோன்றும். மகலனோபிஸ் அறுபது ஆண்டுக் கணக்கை ஆராய்ந்தார். ஆற்றின் படுக்கை உயர்ந்தமைக்கு அக்கணக்கிற் சான்று இல்லை. ஆற்றின் மேற்பகுதியிலே மிகுந்த மழை பெய்தமையே வெள்ளத்துக்குக் காரணம். ஆகவே, கீழே கரையை உயர்த்துவதைவிட மேலே அணைகட்டி நீரைத் தடுத்தல் வேண்டும் என்றார். ஒறிசாவின் ஆறுகளைப் பற்றி அவர் செய்த கணிப்புக்கள், 1957இலே திறந்துவைக்கப்பட்ட ஹிராகுட் அணைத் திட்டத்துக்குப் பின்னாளில் உதவின. கரையணையை நம்பி அதன் நிழலில் வாழும் குடியானவனுக்கு, ஆற்றங்கரைக் கணக்கிலுள்ள பிழை வெறும் எழுத்துப் பிழையாகுமோ?

அச்சேறிய பிழைகள்

பிரசிடென்சிக் கல்லூரியிலே தம் அறையின் ஒரு பகுதியை மகலனோபிஸ் புள்ளிவிபர ஆய்வுகூடமாக்கினார். சில உதவியாளரும் கையாற் சுழற்றும் கணிப்பொறிகளுமே அதன் செல்வம். 1931ஆம் ஆண்டு திசெம்பர் 17ஆந் திகதி கூடிய கூட்டத்திலே இந்தியப் புள்ளிவிபரவியற் கழகம் தோன்றிற்று. முதலாண்டில் அதன் செலவு 250 ரூபாவுக்கும் குறைவு. 1933இற் சங்கியா என்னும் ஆராய்ச்சிச் சஞ்சிகையை அவர் தொடங்கினார். எண்ணென்றும் தெளிந்த அறிவென்றும் பொருள்தரும் அப்பெயர் அவர் கொள்கையையே உணர்த்தும்.

அச்சஞ்சிகையின் முதற்றொகுதியில் அவர் வெளியிட்ட ஆராய்ச்சியொன்று என் பெயர்த்தியின் கணக்கோடு மிகவும் ஒத்தது. ஆங்கில அரசாங்க அலுவலராகிய றிஸ்லி, வங்காளத்து மக்கள் பலரின் உடலளவுகளை எடுத்து 1891இலே பெருநூலாக வெளியிட்டிருந்தார். அவ்வளவுகளைக் கொண்டு அவர் கட்டிய இனக்கொள்கையை அறிவுலகம் பின்னர்க் கைவிட்டது. அது நிற்க, நாற்பது ஆண்டுகளாக அறிஞர் அந்நூலின் எண்களை ஆராயாமலே எடுத்தாண்டு வந்தனர். மகலனோபிஸ் அவ்வாறு எடுத்தாளவில்லை. அந்நூலில் ஒவ்வொருவரின் அளவுகளும் தனித்தனியே அச்சிடப்பட்டிருந்தன. அவற்றின் இடைகளும் அச்சிடப்பட்டிருந்தன. தனியளவுகளிலிருந்து இடைகளை மீளக் கணித்து, அச்சிட்ட இடைகளோடு ஒப்பிட்டார். பல இடங்களில் அவை ஒவ்வவில்லை. ஒவ்வாத இடந்தோறும், நூலிலுள்ள பிற எண்களைத் துணையாகக் கொண்டு, பிழை எங்கே புகுந்தது என்பதைத் தேடித் திருத்தினார். 5.4ஐ ஐந்தாற் பெருக்கி, குறைந்த 8ஐக் கண்ட வழியும் இதுவே. விடையிலிருந்து பின்னோக்கி நடந்து, பிழை புகுந்த வாயிலைக் காணும் வழி.

மக்களின் உடலளவுகளை ஆராய்ந்து சென்றபோதே, இரு கூட்டங்களுக்கிடையேயுள்ள வேற்றுமையைப் பல அளவுகளை ஒருங்கே கொண்டு மதிப்பிடும் முறையொன்றை அவர் வகுத்தார். 1936இல் அதன் முழுவடிவம் வெளிவந்தது. மகலனோபிஸ் தூரம் என உலகம் அதனை அழைக்கின்றது. கூட்டத்தோடு ஒட்டாது தனித்து நிற்கும் ஐயத்துக்குரிய அளவை இனங்காண்பதற்கு இன்று கணினிகள் அம்முறையைக் கையாளுகின்றன. பிழை தேடியவரின் பெயர் பிழை தேடும் கருவிக்கே அமைந்தது பொருத்தமன்றோ!

சணல் வயலில் இரு குழுவினர்

பிறர் பிழையைக் காணுதல் எளிது. தன் பிழையைத் தான் காணுதல் அரிது. அதற்கும் மகலனோபிஸ் ஒரு வழி வகுத்தார்.

1937 முதல் வங்காளத்திலே சணல் எவ்வளவு நிலத்தில் விளைகின்றது என்பதை மதிப்பிடும் பணியை மேற்கொண்டார். ஒவ்வொரு வயலையும் அளத்தல் பெருஞ் செலவையும் பேராட்படையையும் வேண்டும் செயல். ஆதலின், எழுமாற்றாகத் தெரிந்தெடுத்த சில இடங்களை மாத்திரம் அளந்து, முழுவதையும் மதிப்பிடலாம் என்றார். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் முன்னோர் கண்டதும் இதுவே. ஆயினும், அச்சோற்றை விரும்பிய இடத்தில் எடுத்தலாகாது. எழுமாற்றாகவே எடுத்தல் வேண்டும்.

முதலாண்டிலேயே வங்காளம் முழுவதையும் அளக்க அவர் முற்படவில்லை. சிறிய பகுதியில் முன்னோடியாகச் செய்து, அதிற் கண்ட குறைகளைத் திருத்தி, அடுத்த ஆண்டில் அதனினும் பெரிய பகுதிக்குச் சென்று, இவ்வாறு படிப்படியாக 1941இலே முழு மாகாணத்தையும் எட்டினார். செய்நிரல் எழுதும் இளைஞரும் இதனையே பின்பற்றல் வேண்டும். ஐந்நூறு அளவுகளைக் கொடுக்குமுன், கையாற் கணித்து விடை அறிந்த ஐந்து அளவுகளைக் கொடுத்துச் சோதித்தல் வேண்டும். விடை முன்னரே தெரிந்த கணக்கே செய்நிரலுக்கு உரைகல்லாகும்.

இனி, அளக்கச் சென்றவர் சோம்பினாலோ, வயலுக்குப் போகாமலே மரநிழலிலிருந்து எண்களை எழுதினாலோ, அதனை அறிதல் எப்படி? மகலனோபிஸ் தெரிந்தெடுத்த இடங்களை இரு தொகுதிகளாக்கி, ஒரே பகுதியில் ஒன்றினுள் ஒன்று கலந்து கிடக்குமாறு அமைத்தார். ஒரு தொகுதியை ஒரு குழுவினரும், மற்றையதை வேறொரு குழுவினரும் ஒருவரையொருவர் சாராமல் அளந்தனர். இரு மதிப்பீடுகளும் ஏறத்தாழ ஒத்திருப்பின் நம்பலாம். பெரிதும் மாறுபடின், எங்கோ பிழையுண்டு எனத் தெளியலாம். ஆளை ஐயுறாமல் முறையினாலேயே பிழையை வெளிப்படுத்தும் ஏற்பாடு இது. பிழை வாராது என்று அவர் நம்பவில்லை. வரும் என்றே கொண்டு, வந்தாற் புலப்படுமாறு முன்னதாகவே வழிசெய்தார்.

பஞ்சமும் கணக்கும்

1943ஆம் ஆண்டு வங்காளத்தைக் கொடும் பஞ்சம் பீடித்தது. இலட்சக்கணக்கான மக்கள் மாண்டனர். போர்க்கால விலையேற்றமும் அரசின் செயல்களும் அதற்குக் காரணங்களாயின. அக்காலத்து விளைச்சற் கணக்குகள் நம்பத்தக்கனவல்ல என்பதும் பின்னர் நடந்த விசாரணையிற் புலனாயிற்று. கிராமத்துக் காவலரும் பிறரும் மதிப்பாகச் சொன்ன எண்கள், மேலே செல்லச் செல்ல அரசாங்கக் கணக்காயின. எவ்வளவு நெல் உள்ளது என்பதை உறுதியாக அறியாத நாட்டிலே மக்கள் பசியால் வீழ்ந்தனர்.

பஞ்சத்தின் பின், 1944, 1945ஆம் ஆண்டுகளிலே மகலனோபிஸின் கழகத்தார் கிராமங்களுக்குச் சென்று, எஞ்சிய குடும்பங்களை மாதிரி முறையால் ஆராய்ந்தனர். நிலத்தை விற்றோர் எத்தனை பேர், உழவுமாட்டை இழந்தோர் எத்தனை பேர், யாதொரு ஆதரவுமின்றிப் போனோர் எத்தனை பேர் என்று கணக்கெடுத்தனர். கணக்கில் வாராத குடும்பத்துக்கு உதவியும் வாராது. என் பெயர்த்தியின் செய்நிரலில் மறைந்த ஐந்தாம் கிணறு விளையாட்டான பிழை. ஆயினும் அக்கிணற்றிலும் ஒரு குடும்பம் நீர் அள்ளுகின்றது. நாட்டின் கணக்கிலே அவ்வாறு மறையும் வீடுகள் எத்தனை!

1945இலே இலண்டன் இராச சங்கம் அவரைத் தன் உறுப்பினராக்கிற்று. 1947 முதல் 1951 வரை ஐக்கிய நாடுகள் தாபனத்தின் மாதிரியெடுப்புப் பற்றிய உபகுழுவுக்கு அவர் தலைமை வகித்தார். 1950இலே இந்திய தேசிய மாதிரி அளவீடு அவர் முயற்சியாற் தொடங்கிற்று. அதே ஆண்டிற் கல்கத்தாவில் ஏற்பட்ட சருவதேசப் புள்ளிவிபரக் கல்வி நிலையத்துக்குத் தெற்காசிய, தென்கிழக்காசிய நாடுகளிலிருந்து மாணவர் வந்து பயின்றனர்.

கணினியின் வருகை

கையாற் சுழற்றும் பொறிகளால் இத்துணைப் பெருங் கணக்கையும் முடித்தல் அரிதாயிற்று. 1953இற் கழகத்தைச் சேர்ந்த சமரேந்திர குமார் மித்திரர் ஒருபடிச் சமன்பாடுகளைத் தீர்க்கும் கணிப்பொறியொன்றை அமைத்தார். 1956இலே இங்கிலாந்திலிருந்து தருவிக்கப்பட்ட இலக்கமுறைக் கணினியொன்று கழகத்தில் நிறுவப்பட்டது. இந்தியாவில் இயங்கிய முதல் இலக்கமுறைக் கணினி அதுவே. அதற்கான கட்டளைகளைப் பொறிக்குரிய எண்மொழியிலேயே எழுதித் துளையட்டை வழியாகக் கொடுத்தல் வேண்டும். ஒரு துளை இடம் மாறினும் கணக்கு முழுவதும் மாறும். பின்னர்க் கழகமும் யாதவபுரிப் பல்கலைக்கழகமும் சேர்ந்து சொந்தமாகவே ஒரு கணினியை உருவாக்கி, 1966இல் இயக்கின.

இவ்விடத்து இளம் மாணவர் ஒன்றை அறிந்து ஆறுதல் கொள்ளலாம். உலகில் முதன்முதல் அச்சேறிய செய்நிரல் எனப் பலராலும் போற்றப்படுவது, 1843இலே ஆங்கிலப் பெருமாட்டி ஏடா லவ்லேஸ் வெளியிட்ட அட்டவணையாகும். அவ்வட்டவணையிலும் ஒரு வகுத்தலில், வகுக்கும் எண்ணும் வகுக்கப்படும் எண்ணும் இடம் மாறி அச்சாயின. முதற் செய்நிரலிலேயே பிழை இருந்ததாயின், நம் பிள்ளையின் முதற் செய்நிரலிற் பிழை இருத்தல் வியப்பாகுமோ?

நிறையும் குறையும்

பெரியார் வரலாற்றை எழுதுவோர் நிறையை மாத்திரம் கூறுதல் முறையன்று. பிழை தேடியவரின் வரலாற்றில் அது சிறிதும் பொருந்தாது. இந்தியாவின் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் மகலனோபிஸ் வகுத்த கணித அமைப்பை அடிப்படையாகக் கொண்டு 1956இலே தொடங்கிற்று. இயந்திரங்களை ஆக்கும் கனரகக் கைத்தொழிலுக்கே அதில் முதலிடம். நாடு தாங்கமாட்டாத செலவு இது எனப் பொருளியலறிஞர் பி. ஆர். ஷெணாய் 1955இலேயே மறுப்புரை எழுதினார். வேளாண்மையும் மக்களின் அன்றாட நுகர்பொருளும் பின்தள்ளப்பட்டன என்று வேறு சிலரும் குறைகூறினர். திட்டம் தொடங்கிய சிறிது காலத்துள் அந்நியச் செலாவணி நெருக்கடி நேர்ந்தது. வயலில் இரு குழுவினரை அனுப்பி ஒப்பிட்டவரின் கணித அமைப்புக்கு, நாடளாவிய பொருளாதாரத்தில் அத்தகைய இரண்டாம் குழு கிடைக்கவில்லை. ஆயினும், அவர் ஏற்படுத்திய தேசிய மாதிரி அளவீடே பின்னாளில் வறுமையின் அளவை வெளிப்படுத்தி, அத்திட்டங்களின் பயனையும் பயனின்மையையும் மதிப்பிட அறிஞர்க்கு உதவிற்று. தம் கொள்கையைத் திருத்தும் கருவியையும் அவரே நாட்டுக்குக் கொடுத்துச் சென்றார் எனலாம்.

1968இலே இந்திய அரசு பத்மவிபூஷண் விருதளித்து அவரைக் கௌரவித்தது. 1972ஆம் ஆண்டு யூன் 28ஆந் திகதி, எழுபத்தொன்பதாவது பிறந்தநாளுக்கு முதல்நாள், அவர் இவ்வுலகை நீத்தார். 2007 முதல் அவருடைய பிறந்தநாள் இந்தியாவிலே புள்ளிவிபர தினமாகக் கொண்டாடப்படுகின்றது.

முடிவுரை

நாம் இந்துக் கல்லூரியிற் கற்ற காலத்தில், விடை சரியாயினும் செய்கைவழி காட்டாத கணக்குக்கு ஆசிரியர் முழுப்புள்ளி இடுவதில்லை. அன்று அது கொடுமையாகத் தோன்றிற்று. அதன் அருமை இன்று விளங்குகின்றது. செய்கைவழி இருந்தாலன்றோ, விடை பிழைத்தபோது பின்னோக்கி நடந்து பிழையைக் காண முடியும்? வழியைக் காட்டாத விடையை நம்பவும் இயலாது, திருத்தவும் இயலாது. கணினி ஒரு நொடியில் ஆயிரம் விடை கூறும் இக்காலத்திலே அவ்வாசிரியர்களின் கட்டளை முன்னினும் பன்மடங்கு வேண்டப்படுகின்றது.

வரலாற்றைக் கேட்டு முடிந்தபின் என் பெயர்த்தி ஓர் ஐயம் வினாவினாள். நியம விலகலைக் காணும்போது ஐந்தால் வகுப்பதா, நான்கால் வகுப்பதா என்பதே அது. விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 14 வரும். அவ்வைந்து கிணறுகளைப் பற்றி மாத்திரம் பேசுவதாயின் ஐந்தால் வகுத்தல் வேண்டும். நியம விலகல் ஏறத்தாழ 1.67 அடி. அவற்றை மாதிரியாகக் கொண்டு ஊரின் கிணறுகள் யாவற்றையும் மதிப்பிடுவதாயின் நான்கால் வகுத்தல் வேண்டும், ஏறத்தாழ 1.87 அடி. எதைப் பற்றிப் பேசுகின்றோம் என்பதைக் கணினி அறியாது; எழுதுபவரே அறிதல் வேண்டும் என்றேன். அவள் சிறிது நேரம் சிந்தித்தாள். பின்னர், 4 அடி நீருள்ள மூன்றாம் கிணறு மாத்திரம் ஏன் அவ்வளவு குறைந்துள்ளது என்று கேட்டாள். கணக்கிலே பிழையில்லையாயின், அக்கிணற்றிலன்றோ ஏதோ உண்டு என்றாள்.

அவ்வினாவைக் கேட்டு என் உள்ளம் குளிர்ந்தது. கணக்கின் பிழையை நீக்கியவர்க்கே கிணற்றின் குறை கண்ணிற் படும். மறுநாட் காலை முடிச்சிட்ட கயிற்றை எடுத்துக்கொண்டு, நாங்கள் இருவரும் மூன்றாம் கிணற்றடிக்குச் சென்றோம்.

— சாட்டியூர்ப் பழைய மாணவன்